54 மில்லி: கண்ணு வரைக்குமா, உச்சந்தலை வரைக்குமா?

கெடிலக்கரை:
ஞாயிற்றுக்கிழமை சந்தை திரியில் முத்தியால்பேட்டையான் ஒரு பொன்மொழி உதிர்த்திருக்கார்: "பழைய ஈயச் சிப்பாய் பொம்மையும் 54 மில்லிமீட்டர் உயரம், புதுசும் 54 மில்லி. ஒரே தட்டுல கலந்து வைங்க, எவன் கண்ணுக்கும் தெரியாது." படிச்சதுலேர்ந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அங்கேயே பதில் போட்டா சந்தை பேச்சு கெடும்னு இங்கே தனியா வெச்சிருக்கேன்.

சார், அந்த 54 வானத்துலேர்ந்து விழலை. பிரிட்டன்ஸ்ங்கிற இங்கிலாந்து பொம்மைக் கம்பெனி 1893ல் உள்கூடு வார்ப்பு (உள்ளே வெத்தா வார்க்கிறது) ஆரம்பிச்சப்போ ஒண்ணாம் நம்பர் கேஜ் பொம்மை ரயிலோட சேர்ந்து நிக்கிற உயரமாப் பார்த்து வெச்சாங்க. அந்த ரயிலுக்கு தண்டவாள அகலம் 45 மில்லி. நிஜப் பாதை 1435 மில்லி. 32ஆல் வகுங்க, 44.8 வரும். அதே கணக்குல 54ஐ 32ஆல் பெருக்குங்க: 1728 மில்லி. அஞ்சடி எட்டு அங்குல ஆள். உள்ளங்கால்லேர்ந்து உச்சந்தலை வரைக்கும்.

இப்போ வர்ற பெட்டியில் 54னு போட்டிருக்கிறதுல பாதி, கண்ணு வரைக்கும் அளந்தது. கண்ணுக்கு மேலே மனுசனுக்கு பதினொண்ணு, பன்னண்டு சென்டிமீட்டர் இருக்கு. 1:32ல், அதாவது நிஜத்துல 32ல் ஒரு பங்கு அளவுல, அது மூணரை மில்லி. ஆக உங்க "54" நிஜத்துல 57.5. பட்டாளம் முழுக்க ஆறடி ஆளா நிக்குது. பக்கத்துல பழசை வெச்சா பத்தாங்கிளாஸ் பையன் என்.சி.சி.க்கு வந்த மாதிரி இருக்கும்.

முத்தியால்பேட்டையான்:
வந்துட்டாருய்யா வெர்னியர் அளவுகோலைத் தூக்கிக்கிட்டு. படையில எல்லாரும் ஒரே உயரமா சார்? மூணு மில்லி கூடக் குறைய இருந்தா அது நிஜம். உங்க பிரிட்டன்ஸ்ல அறுபது பேரும் ஒரே அச்சு, ஒரே மூஞ்சி. கண்ணுக்கு ரெண்டு கறுப்புப் புள்ளி, கன்னத்துல ரெண்டு ரோஸ் பொட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி. ஹாங்காங் கிங் அண்ட் கன்ட்ரி கம்பெனி பொம்மையோட முகத்தைப் பாருங்க. தாடையில் ரெண்டு நாள் தாடி தெரியும். துணி மடிப்புல நிழல் இருக்கும். மேல வழவழப்பே கிடையாது, மங்கல் பூச்சு.

அப்புறம், கண்ணு வரைக்கும் அளக்கிறதுதான் முறை. தலைக்கு மேல தொப்பி. தொப்பிக்குள்ள உச்சி எங்கே இருக்குன்னு நீங்க ஓட்டை போட்டா பார்ப்பீங்க?

கெடிலக்கரை:
கிங் அண்ட் கன்ட்ரி 1:30. நீங்களே உங்க வாயாலே மாட்டிக்கிட்டீங்க. 1:30ல் ஆறடிக்காரன் 60 மில்லிக்கு மேல நிப்பான். 54னு யார் சொன்னது?

ஆள் உயரம் மாறலாம், ஒத்துக்கிறேன். துப்பாக்கி மாறுமா? கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோட இந்தியா பேட்டர்ன் மஸ்கட் துப்பாக்கி: குழல் 39 அங்குலம், மொத்தம் சுமார் 55 அங்குலம், அதாவது 1397 மில்லி. 1:32ல் 43.7. 1:30ல் 46.6. ஒரே வரிசையில் தோள்ல சாத்தி நிக்கிற ரெண்டு பேர் துப்பாக்கியும் மூணு மில்லி வித்தியாசத்துல நின்னா, கண்ணு அங்கேதான் முதல்ல போகும். தலை அளவும் அப்படித்தான். கோவில் திருவிழாவுக்கு வந்த பொய்க்கால் குதிரை பக்கத்துல நிஜக் குதிரை நின்ன கணக்கு.

கரடித்தோல்ல செஞ்ச உயரத் தொப்பி 18 அங்குலம். 1:32ல் 14 மில்லி. அதைச் சேர்த்து எவனும் அளக்கிறதில்லை. புருவத்துக்கு மேலே கணக்குப் போட்டா உச்சி கிடைச்சிடும். ஓட்டை போட வேணாம்.

ஈயப்பட்டாளம்:
அண்ணே, ரெண்டு பேரும் தட்டை மறந்துட்டீங்க. காலுக்குக் கீழே இருக்கிற தட்டோட தடிமன் சேர்த்தா, சேர்க்காமலா? பழசுல தட்டு மெல்லிசு, புதுசுல புல்லு, கல்லு எல்லாம் போட்டு மேடு கட்டியிருக்கான். அதுவே ரெண்டு மில்லி தின்னும்.

முத்தியால்பேட்டையான்:
தட்டை விடுங்க. கண்ணு வரைக்கும்.

கெடிலக்கரை:
உச்சந்தலை வரைக்கும்.

புதுப்பாளையம் புதுசு:
நான் இப்போதான் சேர்க்க ஆரம்பிக்கிறேன். பழசுன்னா எது? 1966ல் இங்கிலாந்துல ஈய பொம்மை நின்னதுக்கு முந்தியதா? ஏர்ஃபிக்ஸ் கம்பெனி பிளாஸ்டிக் பொம்மையும் பழசுல சேருமா? அதைச் சொல்லிட்டுப் பேசினா புரியும்.

தேவனாம்பட்டினம் கொடி:
அளவை விடுங்கப்பா. முத்தியால்பேட்டையார் போன வாரம் போட்ட படத்துல கடலூர் முற்றுகை 1783னு எழுதியிருந்தார். அதுல நிக்கிற ஆங்கிலச் சிப்பாய் தலையில் நெட்டை உருளைத் தொப்பி. ஷாக்கோ. அது பிரிட்டிஷ் படைக்கு வந்ததே 1800ல். ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட்டும் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியும் மோதினப்போ மூணு மூலையா மடிச்ச தொப்பிதான். நெப்போலியன் காலத்துப் பொம்மையை வாங்கி நம்ம ஊர்ல இறக்கிட்டு, முகத்துல தாடி தெரியுதுன்னு பெருமை வேற.

முத்தியால்பேட்டையான்:
1783க்குன்னு தனியா யார் சார் பொம்மை போடுறான்? கிடைக்கிறதை வெச்சுத்தான் பண்ணணும். உங்க படத்துல மட்டும் என்னவாம், 1758ல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிக்கப் போற பிரெஞ்சுக்காரன் சிவப்புச் சட்டையில் நிக்கிறான். பிரெஞ்சுக்காரன் வெள்ளைச் சட்டைன்னு எங்க பாண்டிச்சேரியில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

தேவனாம்பட்டினம் கொடி:
அது பிரெஞ்சுத் தளபதி லாலியோட ரெஜிமெண்ட். ஐரிஷ்காரங்க. பிரான்சுக்காகச் சண்டை போட்டாலும் ஐரிஷ் படைப்பிரிவுக்கு சிவப்புச் சட்டைதான். லாலி யாருன்னு உங்க சின்னக் குழந்தைகிட்டயே கேட்டுட்டு வாங்க.

வில்லியனூர் மண்:
ஈயம், ஹாங்காங்னு எதுக்கு? வில்லியனூர் சுடுமண்ணுக்கு புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. கொலுவுக்கு பண்ருட்டிப் பக்கம் போலீஸ் பொம்மை, பட்டாளத்து பொம்மைன்னு செஞ்சு தர்றாங்க. நம்ம பாண்டிச்சேரி போலீஸோட சிவப்புக் கெப்பித் தொப்பி வெச்ச பொம்மையை முதல்ல வரிசையில் நிறுத்துங்க.

கெடிலக்கரை:
அது கண்ணு வரைக்கும் எத்தனை மில்லி?

வில்லியனூர் மண்:
கிண்டல் வேணாம். சாண் கணக்குல அளப்போம்.

ஈயப்பட்டாளம்:
அளவு சண்டை இருக்கட்டும், கலந்து வைக்கக் கூடாதுங்கிறதுக்கு நிஜக் காரணம் வேற. கடலோரம். பழசு ஈயமும் ஆன்டிமனியும் கலந்தது. காத்துல ஈரமும் அசிட்டிக் ஆவியும் சேர்ந்தா ஈயம் அரிச்சு, கரியமில வாயுவோட கூடி ஈயக் கார்பனேட்டா வெள்ளைப் பொடியாப் பூக்கும். முதல்ல தட்டுக்கு அடியில், பெயின்ட் உரிஞ்ச முழங்கால்ல. பெயின்ட் கொப்பளிச்சு எழும்பினா உள்ளே பாதி போயிடுச்சுன்னு அர்த்தம். உள்கூடு வார்ப்புல சுவரே மெல்லிசு. உருக்கினதை அச்சுல ஊத்தி, ஓரம் உறைஞ்சதும் கவிழ்த்து நடுக்குழம்பைத் திரும்பக் கொட்டிடுவான். மிச்சம் இருக்கிறது முட்டை ஓடு மாதிரி. அது அரிச்சா கழுத்து முதல்ல போகும்.

ஆவி எங்கேர்ந்து வருதுன்னா அலமாரியிலேர்ந்தேதான். ஓக் மரம் ரொம்ப மோசம். பிளைவுட், எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) அடுத்து. கண்ணாடி ஒட்டுற சிலிகான்ல புளிச்ச காடி வாசனை வருதே, அது அசிட்டிக் அமிலமேதான், பொம்மை வைக்கிற பெட்டிக்கு ஆகாது. இரும்புச் சட்டம், கண்ணாடித் தட்டு, அமிலம் விடாத நியூட்ரல் சிலிகான். ஈரம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே நிக்கணும். சிலிகா ஜெல் பை நிறம் மாறினா வறுத்துத் திரும்பப் போடணும், வாங்கி வெச்ச அன்னியோட வேலை முடியாது.

பொடி வந்தா வாயால ஊதாதீங்க. விஷம். முகக்கவசம் போட்டு, வெளியே, ஈரத் துணி மேல வெச்சு மெல்லிய பிரஷ்ஷால தட்டணும். பொடி இருக்கும்போதே மேல வார்னிஷ் அடிக்கிறது பெரிய தப்பு.

கெடிலக்கரை:
இதைத்தான் ரெண்டு வருஷமா சொல்றேன். போன கொலு சமயத்துல இதே இடத்துல "பிளைவுட் அலமாரி சல்லிசு, எல்லாரும் வாங்குங்க"ன்னு எழுதினது யார்னு நாங்க மறக்கலை.

முத்தியால்பேட்டையான்:
லேமினேட் போட்ட பிளைவுட்னு எழுதினேன். முழுசாப் படிங்க. அதுவும் புது வார்ப்புக்கு. என் பொம்மையில் வெள்ளீயம்தான் அதிகம், ஈயம் மாதிரி பூக்காது. பழசை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி நடத்துறது உங்க வேலை.

கெடிலக்கரை:
லேமினேட் முகத்துல ஒட்டியிருக்கு, வெட்டின ஓரத்துல? ஆணி ஓட்டையில்? ஆவி அங்கேர்ந்து வரும்.

புதுசு சாகாதுன்னு நினைக்காதீங்க. பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) நுனி ஊசி மாதிரி இருக்கும், ஒரு தடவை வளைஞ்சதை நிமித்தலாம், மூணாவது தடவை கையோட வந்துடும். உடைஞ்சதை இன்ஸ்டன்ட் பசை வெச்சு ஒட்டி உடனே பெட்டிக்குள் மூடினா அந்த ஆவி படிஞ்சு மங்கல் பூச்சு மேல வெள்ளையாப் படரும். கறுப்பு கோட்டுல ரொம்பத் தெரியும். ரெண்டு குழாய் எபாக்சிதான் சரி. ஒரு நாள் திறந்து வைக்கணும்.

பழசுல தலை கழண்டா வைத்தியம் நூறு வருஷமா ஒண்ணுதான்: மருந்தைக் கிள்ளிப் போட்ட தீக்குச்சி. கழுத்து ஓட்டையில் பாதி, தலையில் பாதி. உள்கூடா இருக்கிறதாலதான் குச்சி போகும். உங்க கட்டி வார்ப்புல முதல்ல துளை போடணும்.

அதை வெச்சே போலியையும் பிடிக்கலாம். பிரிட்டன்ஸ்னு சொல்லி நீட்டினா கையில தூக்குங்க. கட்டியா கனத்தா நகல். மூலப் பொம்மையை ரப்பர் அச்சு எடுத்து ஊத்தினா கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அதைக் கண்டுபிடிக்கத்தான் வெர்னியர். உச்சந்தலை வரைக்கும்.

புதுப்பாளையம் புதுசு:
பிளாஸ்டிக் பத்தி யாராவது?

ஈயப்பட்டாளம்:
தம்பி, ஏர்ஃபிக்ஸ் மாதிரி பாலிஎத்திலீன்னா பெயின்ட் பிடிக்காது. பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில் அலசி, பிரைமர் அடிச்சு, அக்ரிலிக் போடு. ரொம்பப் பழசானது மொறமொறன்னு ஆயிடும், துப்பாக்கி நுனியைத் தொடாதே. வளைஞ்சிருந்தா சுடுதண்ணியில் முக்கி நிமித்தி, உடனே பச்சைத் தண்ணி. ஸ்டார்லக்ஸ் கம்பெனி பொம்மை மாதிரி கெட்டிப் பிளாஸ்டிக் இருக்கிற பீரோவில் அந்துருண்டை மட்டும் போட்டுடாதே. நாஃப்தலீன் சில பிளாஸ்டிக்கை உருக்கும், பாலிஸ்டைரீனை ரொம்ப.

வில்லியனூர் மண்:
மண்ணுக்கு அந்துருண்டையும் ஒண்ணும் பண்ணாது, சிலிகா ஜெல்லும் வேணாம்.

தேவனாம்பட்டினம் கொடி:
எலாஸ்டோலின் ஜெர்மன் பொம்மையும் மரத்தூள், பசை, கயோலின் களிமண்தான், உள்ளே கம்பி. ஈரத்துல ஊதி, கம்பி துருப்பிடிச்சு, கால் வெடிச்சு நிக்குது. உங்க மண்ணுக்குள்ளயும் கம்பி இருந்தா அதே கதிதான்.

வில்லியனூர் மண்:
எங்க சுடுமண்ணுல கம்பி கிடையாது. சூளையில் வெந்தது. மரத்தூளோட ஒப்பிடாதீங்க.

தேவனாம்பட்டினம் கொடி:
கம்பி இல்லாத கையில துப்பாக்கி எத்தனை நாள் நிக்கும்?

முத்தியால்பேட்டையான்:
இப்போ ஒண்ணை எடுத்து அளந்துட்டேன். பெட்டியில் 54. அளவு 54.2. கண்ணு வரைக்கும். முடிஞ்சுதா?

கெடிலக்கரை:
அதைத்தானே முதல் வரியிலேர்ந்து சொல்றேன்! கண்ணு வரைக்கும் 54.2ன்னா உச்சிக்கு 57.7. என் பக்கம் சாட்சி சொன்னதுக்கு நன்றி.

முத்தியால்பேட்டையான்:
54.2, 54தான். பழசும் 54, புதுசும் 54. கலந்து வைங்க.

ஈயப்பட்டாளம்:
தட்டைக் கழிச்சீங்களா?

முத்தியால்பேட்டையான்:
எந்தத் தட்டு?