கலைச்சொல்: 'விண்டோ கவரிங்' – உறையா, திரையா, மறைப்பா?

> கவரிங் என்றால் உறைதானே? 'சாளர உறை' என்றே வைத்துக்கொள்ளலாம்.

வணக்கம் ஐயா.

உறை வேண்டாம். தலையணைக்கு உறை, வாளுக்கு உறை. இரண்டும் பொருளைத் தனக்குள் வாங்கிக்கொள்பவை. சன்னலை யாரும் உறைக்குள் போடுவதில்லை.

நான் ஏன் கேட்டேன் என்றால், கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கை மகன் 'விண்டோ கவரிங்' பொருத்தும் வேலைக்கான ஒப்பந்ததாரர் உரிமத் தேர்வுக்குப் படிக்கிறான். அவனுக்குத் தமிழில் குறிப்பு எழுத உட்கார்ந்து, முதல் வரியிலேயே முட்டிக்கொண்டேன். அந்த மாநிலத்தில் இது சி-61 என்ற உரிமப் பிரிவின் கீழ் டி-52 என்ற வகை. அழகுக்கோ பயனுக்கோ, வெப்பத்தைக் கட்டுப்படுத்தவோ, மறைப்பாகவோ சன்னலில் பொருத்துபவை எல்லாம் அதில் அடங்கும். துணி, மரம், அலுமினியம் என்று பேதமில்லை. ஆகவே 'திரைச்சீலை' உதவாது. சீலை என்றதுமே துணி வந்துவிடுகிறது. 'சன்னல் காப்பு' என்றால் நம் ஊரில் திருடனுக்குப் பயந்து போடும் கம்பிதான் நினைவுக்கு வரும்.

என் வாக்கு 'சன்னல் மறைப்பு'க்கு. வெயிலை மறைக்கிறோம், எதிர்வீட்டுக் கண்ணையும் மறைக்கிறோம். ஒரே வினை இரண்டுக்கும் போதும். சன்னல் போர்த்துக்கீசியச் சொல் என்று முகம் சுளிப்பவர்கள் சாவியையும் மேசையையும் அலமாரியையும் முதலில் திருப்பித் தரட்டும்.

உட்பிரிவில்தான் சுவை. சுருட்டி ஏற்றுவது சுருள் திரை. கிடைப்பட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிடும் 'பிளைண்ட்'டுக்குத் 'தட்டி' இருக்கிறதே! கோடையில் தாழ்வாரத்தில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, மதியம் இரண்டு முறை தண்ணீர் தெளிப்பார் என் பாட்டி. வெயிலும் மறையும், காற்றும் குளிர்ந்து வாசனையோடு வரும். டி-52 சொல்லும் வெப்பக் கட்டுப்பாடு வேறென்ன? தட்டி என்றால் கட்சிக்காரர்கள் தெருவில் வைக்கும் விளம்பரம் அல்லவா என்று கேட்பீர்கள். 'சன்னல் தட்டி' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், தேர்வில் தட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. இந்த வகைக்குத் தொழில்தேர்வு கிடையாது. நான்கு ஆண்டு வேலை அனுபவம் காட்டிவிட்டு, சட்டமும் வணிகமும் பற்றிய தாள் ஒன்றை எழுதினால் போதும். அவன் தடுமாறுவதும் அங்கேதான். வீட்டு வேலைக்கு ஒப்பந்ததாரர் முன்கூட்டி வாங்கக்கூடியது, பொதுவாக, மொத்தத்தில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அது. 8,000 டாலர் வேலைக்கு 800. 12,000 டாலர் வேலைக்கு 1,200 அல்ல, 1,000தான். இதை 'முன்பணம்' என்று எழுதியிருந்தேன். அவன் வேலை நடக்க நடக்க வாங்கும் தவணைகளையும் அதில் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டான். 'அச்சாரம்' என்று மாற்றினேன், உடனே புரிந்துகொண்டான்.

இன்னும் ஒன்று பாக்கி. தட்டியின் ஒவ்வொரு பட்டையையும் ஒருசேரச் சாய்த்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த மெல்லிய கோலுக்கு என்ன பெயர் வைக்கலாம்? 'சாய்கோல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். தச்சர் யாரையாவது கேட்க முடிந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.