தாயின் பட்டினி குழந்தையின் மூளையில் பதியுமா?

வேம்பு: 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவு வரத்தை மறித்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,000 கலோரிகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பஞ்சத்தில் கருவானவர்களை 60 வருஷம் கழித்துச் சோதித்தபோது, கரு வளர்ச்சிக்கு உதவும் ஐஜிஎஃப்2 மரபணுவில் மெத்தில் குறிகள் (மரபணுவின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ டிஎன்ஏவில் ஒட்டும் வேதிக் குறிகள்) பஞ்சத்தில் சிக்காத உடன்பிறந்தவர்களைவிடக் குறைவு (2008 ஆய்வு). மனச்சிதைவு நோயும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கடலோடி: அந்தக் குறிகளை ரத்தத்தில்தான் அளந்தார்கள், மூளையில் இல்லை. குறிகள் திசுவுக்குத் திசு வேறுபடுவதால்தானே ஒரே டிஎன்ஏவை வைத்துக்கொண்டு ஒரு செல் நரம்பாகவும் இன்னொன்று ஈரலாகவும் ஆகிறது, அப்படியிருக்க ரத்தத்தைப் பார்த்து மூளையைப் பற்றி எப்படிச் சொல்வது? அப்புறம், அதே பஞ்சத்தில் கருவிலிருந்த ஆண்கள் 19 வயதில் ராணுவத் தேர்வுக்கு வந்தபோது அறிவுத்திறன் சோதனையில் மற்றவர்களுக்குக் குறையவில்லை. 1972லேயே வெளிவந்த விஷயம் இது.

வேம்பு: அந்த மதிப்பெண் மட்டும்தான் மூளையா? சரி, மூளையையே பார்ப்போம். 2015ல் 23ஆம் நாள் முதல் 184ஆம் நாள் வரையான கருக்களின் மூளை மாதிரிகள் 179ஐ ஆராய்ந்தார்கள், டிஎன்ஏவில் 28,000க்கு மேற்பட்ட இடங்களில் மெத்தில் அளவு மாறிக்கொண்டே போகிறது. இவ்வளவு வேலை நடக்கும் நேரத்தில் பட்டினி கை வைக்காதா?

கடலோடி: அது இயல்பான வளர்ச்சி. பட்டினி கிடந்த தாயின் கருவை அதில் யாரும் ஒப்பிடவில்லை. "கை வைக்கலாம்" என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். "வைத்துவிட்டது" என்று சொல்லாதீர்கள்.

மைதிலி: எனக்கு இது ஐந்தாம் மாதம். "கவலைப்படாதே, பிள்ளை மூளையில பதிஞ்சிடும்" என்று வீட்டில் தினமும் சொல்கிறார்கள், அதைக் கேட்டுத்தான் தூக்கமே போகிறது. நீங்கள் எல்லோரும் தாயைத்தான் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

வேம்பு: மன்னியுங்கள் மைதிலி, நான் பேசியது பஞ்சத்தைப் பற்றி. உங்கள் கவலையும் அதுவும் ஒன்றில்லை, அதைச் சேர்த்துப் பேசுவது தவறு. அந்தப் பட்டினிக்கு அந்தத் தாய்மார்கள் பொறுப்பும் இல்லை. ஆனாலும் கடலோடி, மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருவான 28 நாளுக்குள் மூடிவிடும், ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமினை முன்கூட்டியே கொடுத்தால், அந்தக் குழாயில் குறைபாடுள்ள குழந்தையை ஏற்கெனவே சுமந்த தாய்க்கு அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைகிறது என்று 1991ல் நிரூபித்தார்கள். மெத்தில் சேர்க்க உதவும் அதே சத்துதான்.

கடலோடி: மாத்திரை வேலை செய்கிறது, மறுக்கவே இல்லை. மெத்தில் வழியாகத்தான் செய்கிறது என்பதற்கு அந்தச் சோதனையில் என்ன இருக்கிறது? அதைக் காட்டுங்கள்.