பஃபர் மீன் தொட்டி: உப்பு சரியாக இருந்தும் பி.எச். இறங்குகிறது

கேள்வி:
100 லிட்டர் உவர்நீர்த் தொட்டியில் இரண்டு ஃபிகர் எயிட் பஃபர் (பேத்தை) மீன்கள் இருக்கின்றன. ஆர்.ஓ. நீரோடு கொஞ்சம் குழாய் நீர் கலந்து, மீன் தொட்டி உப்பு போடுகிறேன். ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.006. டி.டி.எஸ். மீட்டர் (கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டுவது) எக்கச்சக்கமாகக் காட்டுவதால் நீர் கடினமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ஜி.எச். (கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை; ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி) 5 டிகிரிதான். கே.எச். (பி.எச். இறங்காமல் தாங்கும் கார்பனேட் அளவு) சோதனையில் முதல் சொட்டிலேயே, நீலம் தட்டாமல், நீர் மஞ்சளாகிவிடுகிறது, அதாவது ஒரு டிகிரிகூட இல்லை. நீர் மாற்றியதும் 8 இருக்கும் பி.எச். அடுத்த மாற்றத்துக்குள் 6.7க்கு வந்துவிடுகிறது. பி.எச். ஏற்றும் திரவம் ஊற்றினால் மறுநாளே பழைய கதை. மீன்களின் வயிறு சாம்பல் நிறமாகிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில் 1:
பவளச் சல்லியை (கரைந்து கே.எச்.ஐ ஏற்றும்) ஒரு வலைப்பையில் போட்டு வடிகட்டியில் வையுங்கள். மரக்கட்டை இருந்தால் எடுத்துவிடுங்கள், அது அமிலத்தைக் கசியவிடும்.

பதில் 2:
சல்லி நல்லதுதான், ஆனால் மெதுவாகத்தான் கரையும். முதலில் உப்புப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒப்படர்த்தி 1.006 என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 8 கிராம் உப்பு. அது கடல்நீர்த் தொட்டிக்கான உப்பாக இருந்தால், அதிலுள்ள மக்னீசியமும் கால்சியமும் சேர்ந்து ஜி.எச். 70 டிகிரிக்கு மேல் போயிருக்க வேண்டும். உங்களுக்கு 5 தான். வெறும் சோடியம் குளோரைடைத்தான் போட்டிருக்கிறீர்கள் என்பது என் ஊகம். டி.டி.எஸ். மீட்டர் எந்த உப்பையும் உப்பென்றே எண்ணும். கடினத்தன்மையைத் தனியே சொல்லாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. கடல்நீர்த் தொட்டி உப்புக்கு மாறினாலும் கே.எச். சிக்கல் முழுதாகத் தீராது. முழுக் கடல்நீரிலேயே கே.எச். 7 டிகிரி அளவில்தான் இருக்கும். அதை நான்கில் ஒரு பங்காக நீர்க்க வைத்தால் என்ன மிஞ்சும்? மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வடிகட்டிப் பாக்டீரியாவோ அதைத் தின்றுகொண்டே இருக்கிறது: நைட்ரேட் சுமார் 11 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) ஏறுவதற்குள் ஒரு டிகிரி கே.எச். காலி. பஃபர்கள் சாப்பிடும் அழகுக்கு அது விரைவிலேயே நடக்கும். ஆகவே கே.எச்.ஐ நாம்தான் சமையல் சோடாவால் ஏற்ற வேண்டும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் ஒரு டிகிரி ஏறும். 8 முதல் 10 வரை வைத்துக்கொள்ளுங்கள். பி.எச். திரவத்தைத் தூக்கிப் போடுங்கள். சோடா போடுவதற்கு முன் அம்மோனியா எவ்வளவு என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பொட்டலத்தில் சோடியம் குளோரைடு மட்டும்தான் இருக்கிறது ஐயா. அம்மோனியா 1 பி.பி.எம். இன்றைக்கே சோடாவைப் போட்டுவிடட்டுமா?

பதில் 2:
வேண்டாம்! பி.எச். 7க்குக் கீழே இருக்கும்வரை அம்மோனியாவில் பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம் வடிவில் இருக்கும். பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். மீன் செத்துப்போகலாம். முதலில் இரண்டு மூன்று நாள், தொட்டியின் ஒப்படர்த்திக்கும் பி.எச்.சுக்கும் பொருந்தும் நீரால் கால் பங்கு கால் பங்காக மாற்றி அம்மோனியாவைக் குறையுங்கள். தீவனத்தையும் குறையுங்கள். அம்மோனியா அளவிட முடியாத அளவுக்குக் குறைந்த பிறகு, நாளுக்கு ஒரு டிகிரி வீதம் சோடாவைத் தனியே கரைத்து ஊற்றுங்கள். முதல் டிகிரியில்தான் பி.எச். சட்டென்று நகரும்: கே.எச். இரட்டிப்பானால் பி.எச். சுமார் 0.3 கூடும். கே.எச். 7இலிருந்து 8க்குப் போகும்போது அந்த ஆட்டம் தெரியாது. அதற்குப் பிறகு மாற்றும் நீரிலும் அதே கே.எச். இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவீர்கள்.

பதில் 3:
உப்பையும் கடல்நீர்த் தொட்டிக்கானதாகப் படிப்படியாக, வாராந்தர நீர் மாற்றத்தின்போது மாற்றுங்கள். ஆவியான நீருக்கு ஈடாக உப்பில்லாத நீரையே ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை. கடின நீர் பஃபரின் வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லைத் தேய்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதற்கு ஓட்டோடு நத்தைதான் வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கடல்நீர்த் தொட்டி உப்புக்கு மாறிய பிறகு ஜி.எச். பார்க்க எழுபது சொட்டு விட வேண்டுமா? குப்பியே தீர்ந்துவிடுமே.

பதில் 2:
தொட்டி நீர் ஒரு பங்கு, ஆர்.ஓ. நீர் ஒன்பது பங்கு கலந்து சோதியுங்கள். ஏழெட்டுச் சொட்டில் நிறம் மாறும், வருவதைப் பத்தால் பெருக்குங்கள். கே.எச்.சுக்கு இப்படிச் செய்யாதீர்கள். அதற்கு நீரை இரட்டிப்பாக எடுத்தால் ஒவ்வொரு சொட்டும் அரை டிகிரி.