‘பைன்டபிலிற்றி’க்குத் தமிழ்ச்சொல்: ஒப்படைப் புள்ளித்திட்டத்துக்காக

கிளிநொச்சியிலிருந்து:

வணக்கம். இணையத்தளத் தகவல் ஒழுங்கமைப்பு ஒப்படைக்குப் புள்ளித்திட்டத்தைத் தமிழில் எழுதும்போது ஒரு சொல் இடறுகிறது. தகவல் ஒழுங்கமைப்பு நூல்களை எழுதிய பீற்றர் மோர்வில் பரவலாக்கிய ‘பைன்டபிலிற்றி’. தளத்தில் இருக்கிற ஒரு விடயம், அது வேண்டி வருபவர் கையில் எவ்வளவு எளிதாக அகப்படும் என்பதே பொருள். இதுவரை ‘தேடல் தன்மை’ என்று எழுதி வருகிறோம். அதை வாசிக்கும் மாணவர் முகப்பின் மேல் மூலையில் ஒரு தேடற்பெட்டியை வைத்துவிட்டு அந்தப் பகுதிக்குரிய 30 புள்ளியையும் எதிர்பார்க்கிறார். எழுதியிருக்கும் சொல்லுக்கு அது சரியான விடைதான். பட்டியலைப் பார்த்து, பெயரை நம்பி, படிப்படியாக இறங்கிப் போகிறவரைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் கேட்கவில்லை.

‘தகவல் கட்டமைப்பு’ என்ற பழைய தலைப்பிலும் இதே கோளாறு. ஸ்ரக்சர், பிரேம்வேர்க், வீதியும் மின்சாரமும் வரை எல்லாவற்றுக்கும் ‘கட்டமைப்பு’ ஓடுகிறது. அதனால் மாணவர்கள் பக்கத் தோற்றத்தைக் கீறித் தந்தார்கள். நாங்கள் கேட்டதோ விடயங்களை வகுத்த முறை, இட்ட பெயர்கள், போகும் வழி.

என் முன்மொழிவு ‘கண்டடைவு’. வினையாகவும் நிற்பதே முதற்காரணம். கண்டடைந்தார், கண்டடையவில்லை, சுற்றிக் கண்டடைந்தார் என்று, ஒருவருக்கு ஒரு வேலை கொடுத்துப் பட்டியல் வழியே இறங்கவிட்டுப் பார்க்கும் சோதனையின் தாளில் அப்படியே குறிக்கலாம். ‘கண்டுபிடிப்பு’ எடிசனுக்கும் மார்க்கோனிக்கும் போய்விட்டது. ‘அணுகல்’ பார்வைக் குறைபாடுடையோர் பயன்பாட்டு அலகில் ஏற்கெனவே வேலை செய்கிறது.

—

வவுனியாவிலிருந்து:

சேர், ‘தேடல்’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலர் சொல்லும் ‘தேடல்+தகைமை’யைப் புணர்ச்சி விதிப்படி எழுதினால் ‘தேடற்றகைமை’ வரும். வாசிக்கிறவர் ‘அற்ற’ என்று பிரித்துவிடுவார், பொருள் தலைகீழாகும். புள்ளித்திட்டத்தில் அப்படியொரு சொல் நிற்கக்கூடாது.

‘கண்டடைவு’ எனக்கு உடன்பாடு. ஆனால் இரண்டு பொருளை ஒரு சொல்லில் அடைக்கவேண்டாம். தளத்தின் பண்பு ‘கண்டடைமை’. ஒருவர் ஒரு வேலையில் சென்று சேர்ந்தது ‘கண்டடைவு’. பண்பை நேரே அளக்க முடியாது, நிகழ்வை எண்ணலாம். 10 பேர், ஆளுக்கு 8 வேலை என்றால் 80 முயற்சி. அதில் 52 சரியான இடத்தைச் சேர்ந்தால் கண்டடைவு வீதம் 65. அந்த 52இல் 36 முயற்சி பின்வாங்காமல் இறங்கியதாயிருந்தால் ‘நேர்க் கண்டடைவு’ 80க்கு 36, அதாவது 45 வீதம். மாணவர் பலர் 36ஐ 52ஆல் வகுத்து 69 என்று போடுகிறார்கள். எதனால் வகுத்தார் என்று எழுதாத வீதத்துக்குப் புள்ளி இல்லை என்று திட்டத்திலேயே போட்டுவிடலாம்.

விடயப் பெயர்களை அட்டைகளில் எழுதிக் கொடுத்துக் குழுக்களாக்கிப் பெயரிடச் சொல்லும் அட்டை வகைப்படுத்தலுக்கு எத்தனை பேர் என்ற கேள்வியும் ஒவ்வொரு முறையும் வருகிறது. இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யேக்கப் நீல்சன் 2004இல் எடுத்துக்காட்டிய கணக்கு உதவும்: முழுத் தொகையினரின் முடிவோடு ஒப்பிட்டால் 5 பேருக்கு இணைவுக் கெழு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.75, 15 பேருக்கு 0.90, 30 பேருக்கு 0.95. எங்கள் ஒப்படைக்கு 15 போதும். 40 அட்டைக்கு மேல் வைக்கச் சொல்லவேண்டாம். 40 அட்டையிலேயே 780 சோடி. எந்தச் சோடியை எத்தனை பேர் ஒன்றாக வைத்தார்கள் என்ற ஒப்புமை அட்டவணையைக் கையால் நிரப்புகிறவருக்கு அதுவே பாரம்.

—

மாங்குளத்திலிருந்து:

ஒரு மறுப்பு. ‘கண்டடைதல்’ கவிதையிலும் கட்டுரையிலும் ‘தன்னைக் கண்டடைதல்’ என்று ஓடுகிற சொல். முதலாம் வருட மாணவர் அதை ஏதோ ஞானம் என்று எடுக்கக்கூடும். ‘சென்றடைவு’ பொருந்தாதா? எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது என்ற பொருளும் அதில் வருவது தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

சொல் எதுவானாலும் சோதனை வேலையை எழுதும் விதத்தைக் கவனியுங்கள். குளத்துக் கமக்காரர் அமைப்புக்கான தளம் என்று வைப்போம். மரம், அதாவது பட்டியல் மேலிருந்து கீழே கிளைக்கும் ஒழுங்கு, இப்படி: முகப்பு, சேவைகள், நீர்ப்பாசன முகாமைத்துவம், நீர் விநியோக அட்டவணை. மாணவர் எழுதும் வேலை, ‘நீர் விநியோக அட்டவணையைக் கண்டறிக.’ பெயரையே சொல்லிக் கொடுத்தாயிற்று. பத்துப் பேரும் போய்ச் சேர்வார்கள், அந்த 100 வீதத்தால் ஒன்றும் தெரியவராது. ‘இந்தச் சிறுபோகத்துக்கு எங்கட வாய்க்காலில எப்ப தண்ணி திறப்பினம்?’ என்று கேட்கவேண்டும். அப்போது முதலாமவர் நேரே ‘அறிவித்தல்கள்’ என்பதைத் தொடுவார். குளத்தில் இருக்கிற நீரைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது திறப்பது என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். கூட்டத்து முடிவு அறிவித்தலாகத்தானே வரும். திரும்பி வந்து ‘சேவைகள்’ பக்கம் போவார். சேர்ந்தாலும் அது சுற்றிச் சேர்ந்ததுதான். ‘தண்ணீர் திறக்கும் திகதி’ என்று பெயரிட்டு மேல் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பாதிக் கோளாறு போய்விடும். கைத்தொலைபேசிப் பட்டியலில் ‘நீர்ப்பாசன முகாமைத்துவம்’ இரண்டு வரியாக மடிந்து விழுவதும் தீரும்.

அட்டைகளிலும் இதே பொறி. உர மானியம், விதைநெல் மானியம், மண்ணெண்ணெய் மானியம் என்று எழுதினால் ‘மானியம்’ என்ற சொல்லைப் பார்த்தே ஒரே கும்பலாகக் குவிப்பார்கள். தேவை ஒன்றா என்று ஒருவரும் யோசிக்கமாட்டார்கள். அட்டைகளில் ஒரு பொதுச்சொல் இரண்டு முறைக்கு மேல் வந்தால் மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

—

கிளிநொச்சியிலிருந்து:

‘சென்றடைவு’ வேண்டாம். செய்தி எத்தனை பேரைச் சேர்ந்தது என்பதற்கு ஊடகக் கற்கைக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கும். ஞானப் பொருள் வந்துவிடும் என்ற அச்சத்துக்கு ‘வீதம்’, ‘நேர்’, ‘சுற்று’ என்ற அடைமொழிகளே மருந்து. ‘நேர்க் கண்டடைவு 45 வீதம்’ என்று வாசிக்கிறவருக்குக் கவிதை நினைவு வராது. வவுனியாவின் பிரிப்பை அப்படியே எடுக்கிறேன்.

புள்ளிகள்: விடய இருப்புப் பட்டியல் (தளத்தில் உள்ளவை எல்லாவற்றின் பட்டியல்) 15, அட்டை வகைப்படுத்தல் 25, மரமும் பெயர்களும் 30, கண்டடைவுச் சோதனையும் திருத்தமும் 30. முன்பு தேடற்பெட்டி விழுங்கிய 30 இதுதான். அதில் 18ஐத் திருத்தத்துக்கு வைக்கிறேன்: முந்தைய மரம், பிந்தைய மரம், எந்த எண் எந்த மாற்றத்துக்குக் காரணம் என்ற ஒரு பக்கம். வீதம் குறைவாக வந்ததற்குப் புள்ளி வெட்டக்கூடாது. வெட்டினால் அடுத்த தொகுதி எண்களைப் புனையும். மூலத்தாள்கள் இணைப்பில் கட்டாயம். அட்டை வகைப்படுத்தலில் 15 பேரின் குழுப்பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருந்தால், ஒருவர் இருந்து எழுதியிருக்கிறார் என்று எடுத்து வாய்மொழிப் பரீட்சையில் கேட்கவேண்டும்.

ஊர்ப்பெயர் அகரவரிசைக்கு, மரமும் பெயர்களும் என்ற பகுதியின் 30க்குள் 3 புள்ளி. கணினி எழுத்துகளுக்கு வைத்திருக்கும் யுனிகோட் எண் வரிசையில் விட்டால் மடு, மன்னார், மல்லாவி, மாங்குளம் என்று நிற்கும். அங்கே ன எழுத்து ந எழுத்துக்கு அடுத்து, ல எழுத்துக்கு முன்னே வைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் நெடுங்கணக்கில் ன கடைசி. மல்லாவிதான் முதலில், பிறகு மன்னார். மல்லாவியைத் தேடுகிறவர் மன்னாரைக் கண்டதும் ‘தாண்டிவிட்டேன்’ என்று மேலே திரும்புவார். அதுவும் கண்டடைமைக் குறைதான். வரிசைப்படுத்தும் நிரலில் மொழியைத் தமிழ் என்று குறிப்பிட்டால் சரியாகும்; மாணவர் அதைச் சோதித்துக் காட்டவேண்டும்.

—

வவுனியாவிலிருந்து:

சரி. ஒன்று மட்டும் பாக்கி: கண்டடைவுச் சோதனைக்கு வழங்கும் ‘மரச் சோதனை’ என்ற பெயர். எங்கள் பக்கத்தில் அதைப் பலகை ஏற்றிய வாகனத்தை வனவளத் திணைக்களம் மறிப்பதாகவே வாசிப்பார்கள். 2003இல் தகவல் ஒழுங்கமைப்பாளர் டொனா ஸ்பென்சர் இதைத் தாள் அட்டையில் செய்தபோது ஒவ்வொரு மட்டத்தையும் ஓர் அட்டையில் எழுதி, தெரிவுசெய்த பின்பே அடுத்ததைக் காட்டினார். கிளை கிளையாக இறங்குவதுதான் செயல். ‘கிளைவழிச் சோதனை’ என்று இந்தத் தவணைத் தாளில் போடுகிறேன். மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகமுன் எழுதுங்கள்.