பதில்: ‘ரீமாஸ்டர்’ என்பதற்கு ‘மெருகு’ வேண்டுமா?

வணக்கம்.

மாணவர் கையேட்டுக்காக வீடியோ கேம் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறோம். பழைய ஆட்டத்தைப் புதுத் தோற்றத்தோடு திரும்ப விடுவதுதான் ‘ரீமாஸ்டர்’. அதை ‘மெருகூட்டிய பதிப்பு’ என்று எழுதலாம், கேட்க நன்றாக இருக்கிறது என்று பதுளை டீச்சர் எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருப்பதுதான் எனக்குப் பிரச்சினை. மெருகு என்றவுடனே ஆட்டம் முன்னைவிட அழகாகிவிட்டது என்று நாமே சான்றிதழ் கொடுத்துவிடுகிறோம். அது விளம்பரக்காரர் வேலை. என்ன செய்தார்கள் என்பதைக் கலைச்சொல் சொன்னால் போதும், எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பதை விளையாடுகிறவர் சொல்லட்டும்.

ஹட்டன் பக்கம் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த ஜி.டி.ஏ. (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) ஆட்ட வரிசையையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் ஆட்டம் 2001இல் வந்தது. பத்தாண்டு நிறைவுக்காக 2011 டிசம்பரில் அதைக் கைபேசிக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்டம் அதேதான், பொத்தான்கள் திரைக்கு ஏறின. 2021 நவம்பரில் அதையும் அதே வரிசையின் வைஸ் சிட்டி, சான் அன்ட்ரியாஸ் இரண்டையும் சேர்த்து, அன்ரியல் எஞ்சின் என்ற ஆட்டம் இயக்கும் மென்பொருளுக்கு மாற்றிப் புதுத் தோற்றத்தோடு விட்டார்கள். கதையும் ஊரும் பழையவை. ஆனால் கடைப் பலகைகளில் எழுத்துப் பிழை, மழை பெய்தால் பாதை தெரியவில்லை, சில முகங்கள் கோணிப்போயிருந்தன. ஆட்டத்தை வெளியிட்ட ரொக்ஸ்டார் நிறுவனமே மன்னிப்புக் கேட்டுக் கணினிக்கான பழைய பதிப்புகளைத் திரும்ப விற்பனைக்கு வைத்தது. இதையா மெருகு என்பது?

நுவரெலியா அண்ணன் ரீமாஸ்டருக்குக் ‘கவ்வாத்து’ என்றார், தேயிலைச் செடி புதிதாகத் தளிர்க்க வெட்டிவிடுவது. வேர் பழையது, தளிர் புதியது. ரசித்தேன். அதில் ஒரு நேர்மையும் உண்டு: கவ்வாத்து பிழையாகிச் செடி பட்டுப்போனாலும் செய்த வேலைக்குப் பெயர் கவ்வாத்துதான். ஆனால் வெட்டிக் குறைப்பதுதானே அதன் முதல் பொருள்? மன்னாரிலோ மட்டக்களப்பிலோ இதை வாசிக்கும் பிள்ளை, ஆட்டத்தில் பாதியை வெட்டிவிட்டார்கள் என்று நினைக்கும்.

என் பரிந்துரை ‘மீள்பூச்சு’. பூச்சு பளபளக்கவும் செய்யும், உதிரவும் செய்யும். ஹேலோ என்ற ஆட்டத்தின் பத்தாண்டுப் பதிப்பில் (2011) விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தினால் 2001இன் தோற்றம் வரும், மறுபடி அழுத்தினால் புதியது. அடியில் ஓடுவது அதே ஆட்டம்தான். மேலே பூசியதைத்தான் போட்டுக் கழற்றுகிறோம்.

மற்ற இரண்டில், அதாவது ‘ரீரிலீஸ்’, ‘ரீமேக்’ என்பவற்றில், பெரிய சிக்கல் இல்லை. இருந்தபடியே திரும்ப விட்டால் ‘மீள்வெளியீடு’, அடியிலிருந்து கட்டினால் ‘மீளாக்கம்’. 1998இன் ரெசிடென்ட் ஈவில் 2 ஆட்டத்தில் கெமரா குறித்த சில இடங்களில் நிலையாக நிற்கும். 2019இல் வந்ததில் அது ஆளின் தோளுக்குப் பின்னாலேயே நடக்கிறது. விளையாடும் விதமே மாறிவிட்டதால் அது மீளாக்கம். ‘ரீ’ என்பதற்கு ‘மறு’வா ‘மீள்’ளா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. மீளாய்வு, மீள்பார்வை என்று எழுதிப் பழகிய கைக்கு ‘மீள்’ இலகு, அவ்வளவுதான்.

ஒலிக்குப் பூச்சு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். பாட்டுகளுக்குச் சொல்லும் ரீமாஸ்டர் வேறு வேலை. மூல ஒலிப்பதிவிலிருந்து புதிதாகச் சமன்படுத்துவது. அதற்குத் தனிப் பதிவு போடுவோம். மாணவர் கையேடு அச்சுக்குப் போகுமுன் யாரிடமாவது சொல் இருந்தால் அனுப்புங்கள். மெருகு என்று மட்டும் தொடங்க வேண்டாம்.