இஸ்ஃபஹான் டாக்சிக்காரர் நிஜமாகவே பணம் வேண்டாம் என்றாரா?

வழிப்போக்கன்:
"இஸ்ஃபஹானில் டாக்சிக்காரர் காசே வாங்கவில்லை, ஈரான்காரர்கள் மனசே மனசு" என்று ரயில்பிரியர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. ஐயா, அது தாரோஃப். அங்கே டாக்சிக்காரர், கடைக்காரர் எல்லோரும் மரியாதைக்கு முதலில் வேண்டாம் என்பார்கள். நாம் விடாமல் கொடுக்க வேண்டும், அப்புறம் வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டீர்கள். பாவம், அவர் உழைப்பு வீண்.

ரயில்பிரியர்:
வண்டியில் இருந்தது நானா, நீங்களா? நெஞ்சில் கை வைத்து, தலை சாய்த்து வேண்டாம் என்றார். இறங்கும்போது ஒரு கை பிஸ்தா வேறு அள்ளிக் கொடுத்தார்.

வழிப்போக்கன்:
நெஞ்சில் கை வைப்பதும் அங்கே வழக்கம்தான். ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றபோது நோட்டு உங்கள் கையில் இருந்ததா, பர்ஸில் இருந்ததா?

ஆச்சிமகள்:
நம் வீட்டில் விருந்தாளி போதும் என்றால் விட்டுவிடுகிறோமா? இலையில் இன்னொரு கரண்டி விழத்தான் செய்யும். இது தெரியாதா ரயில்பிரியருக்கு?

ரயில்பிரியர்:
பர்ஸைத் திறந்தேன். அதற்குள் அவர் தடுத்துவிட்டார்.

வழிப்போக்கன்:
திறந்தீர்கள். எடுக்கவில்லை. சரி.

பாலைவனத்தான்:
விலை சொல்வது தோமானில், நோட்டில் இருப்பது ரியால். பத்து ரியால் ஒரு தோமான். நம் வங்கி அட்டையும் அங்கே செல்லாது. புதிதாகப் போனவர் நோட்டோடு முழிப்பது சகஜம், விடுங்களேன்.

வழிப்போக்கன்:
தோமானைப் பற்றி யார் கேட்டார்கள்? ஈரான்காரர்களின் அன்பை நான் குறை சொல்லவில்லை. அதே இஸ்ஃபஹானில் காஜு என்ற பழைய பாலத்தடியில் மாலையில் ஆட்கள் பாடுவார்கள். பக்கத்தில் புல்லில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் எங்களைக் கூப்பிட்டு, விரிப்பில் இடம் விட்டு, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு தேநீர் குடிக்கச் சொல்லிக்கொடுத்தது. அது உபசாரம். டாக்சி அவர் பிழைப்பு. அதில் வேண்டாம் என்றாலும் கையில் திணித்துவிட்டுத்தான் வர வேண்டும். நோட்டு வெளியே வந்ததா இல்லையா?

ரயில்பிரியர்:
போன மாதம் என் ஜார்ஜியா பதிவிலும் இப்படித்தான் வந்து நின்றீர்கள். அடுத்தவருக்கு நல்லது நடந்தால் உங்களுக்குப் பொறுக்காது.

வழிப்போக்கன்:
ஜார்ஜியாவிலும் விடுதிக்காரர் ஊற்றிய ஒயினுக்குக் காசு கொடுத்தீர்களா என்றுதான் கேட்டேன். அதற்கும் இன்னும் பதில் இல்லை.

ஆச்சிமகள்:
சண்டை இருக்கட்டும். பிஸ்தா வறுத்ததா, பச்சையா?

ரயில்பிரியர்:
வறுத்தது, எலுமிச்சையும் குங்குமப்பூவும் போட்டது. வழிப்போக்கன், நான் பதில் சொல்ல வேண்டியது அந்த டிரைவருக்கு. உங்களுக்கு இல்லை.

வழிப்போக்கன்:
அவருக்குச் சொல்ல வேண்டியது பதில் இல்லை, கொடுக்க வேண்டியது வாடகை.