தோட்டத்துக்கு உயர்தரப் பள்ளிக்கூடம்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டம். அங்குள்ள பள்ளிக்கூடம் வகை 2, தரம் 11 வரைதான். உயர்தரம் (தரம் 12, 13) படிக்க டவுனுக்குப் போக வேண்டும். விடிவதற்கு முன் தேயிலைக்குள் இறங்கி, மழை நாளில் சப்பாத்துக்குள் அட்டையோடு பஸ் ஏறுகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு தாங்காது. பலர் சாதாரணதரத்தோடு நிறுத்திவிட்டு, இங்கே கொழும்பில் கடை வேலைக்கு வந்துவிடுகிறார்கள்.

இப்போது ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு சாரார் தேயிலை நிற்கும் கீழ் மலையில் புதிதாகக் கட்டவேண்டும் என்கிறார்கள். மற்றவர்கள், குறிப்பாகக் கொழுந்து பறிக்கும் அக்காமார், அந்த மலை போனால் வேலைநாள் குறையும், இருக்கிற பள்ளிக்கூடத்தையே தரம் உயர்த்துங்கள் என்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. கட்டடம் வந்தாலும் இரசாயனம், பௌதிகவியல் தமிழில் படிப்பிக்க ஆசிரியர் வராவிட்டால் என்ன பிரயோசனம்? என் மனசு தரம் உயர்த்தும் பக்கம்தான்.

மாகாணப் பாடசாலையை 1ஏபி (உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ள பள்ளிக்கூடம்) ஆக்க, வலயக் கல்வி அலுவலகத்தில் தொடங்கி யார் யாரிடம் போகவேண்டும்? கம்பனி குத்தகையில் இருக்கும் அரசு நிலத்தைப் பள்ளிக்கூடத்துக்கு விடுவித்த அனுபவம் யாருக்காவது உண்டா? இசுருபாயவில் (கல்வி அமைச்சில்) வேலை செய்தவர்கள், ஓய்வுபெற்ற அதிபர்மார் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு முன் தெரிந்தால் பெரிய உதவி.